பழுக்கட்டும் என்று வைத்த புகையிலை

பத்தரைக்குக் கார் வந்துவிடும், இப்போது ஒன்பது இருபது, லில்லி குளியலறையில் இருக்கிறாள், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது. அவள் குளித்து, புடவை கட்டி, ஜெபம் பண்ணி, அடுப்பை மூன்று தடவை பார்த்து, திருப்தி இல்லாமல் நாலாவது தடவையும் பார்த்துவிட்டு வர முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்குள் இந்த டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு அவளிடம் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அன்றைக்கு கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டது நான்தான். எண்ணிப் பார்த்துவிட்டேன், ஐந்தே சொற்கள். இரண்டு மாதமாக இந்த ஐந்தையும் வாய்க்குள் போட்டுக் குதப்பிக்கொண்டிருக்கிறேன், துப்பத்தான் வரவில்லை, வேடிக்கை என்னவென்றால் முப்பத்தைந்து வருஷம் துப்பியே சம்பளம் வாங்கினவன் நான். குன்னூரில் தேயிலை ஏல கம்பெனியில் டீ ருசி பார்க்கிற வேலை, ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை, கரண்டியால் உறிஞ்சி, வாயில் சுழற்றி, மூக்குக்குள் ஏற்றி, துப்பி, விலை சொல்ல வேண்டும். ரத்தினராஜ் சொன்னால் சொன்னதுதான் என்பார்கள். அந்த மூக்கு செத்து மூன்று வருஷம் ஆகிறது. அதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்றைக்கு கோயம்புத்தூருக்குக் காரே வேண்டியதில்லை, நரம்பு டாக்டரும் வேண்டியதில்லை, அவள் பாட்டுக்குப் பின்பக்கம் பீன்ஸ் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பாள்.

பைப் புகையிலை டப்பா, மேஜையில் இருக்கிறது. உள்ளங்கை அளவு, வட்டமாக, சிவப்பு மூடி, மூடியில் என் கையெழுத்தில் ஒட்டின காகிதம், 1988, கீழே 'ஓய்வு நாள்'. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த பெல்லியப்பா கொடுத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த வாரம்தான் அவர் ஓய்வு பெற்றார், என்னைக் கூப்பிட்டு இந்த டப்பாவையும் ஒரு பைப்பையும் கையில் வைத்து, "இதெ தெறக்காதே. உன் மூக்கு இனிமே கம்பெனி மூக்கு. ரிட்டயர் ஆன நாள் தெற. அதுவரெ உள்ளேயே பழுக்கும்" என்றார். டீ ருசிக்கிறவன் புகை பிடிக்கக் கூடாது, வெங்காயம் பச்சையாகத் தின்னக் கூடாது, சென்ட் போடக் கூடாது, லில்லி கல்யாணமான புதிதில் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள், காலையில் வேலைக்குப் போகிறவன் பக்கத்தில் இது ஆகாது என்று நான் எடுத்து வெளியே வைக்கச் சொன்னேன், வைத்தாள், அப்புறம் முப்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பூ. இப்போது தினமும் வைத்துக்கொள்கிறாள். வைத்தாளா இல்லையா என்று திரும்பிப் பார்த்தால்தான் எனக்குத் தெரிகிறது. பெல்லியப்பா கொடுத்த ஒரு டப்பாவோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கப்பலில் வேலை பார்த்த என் மச்சினனிடம் சொல்லி, இருபது வருஷம், வருஷத்துக்கு இரண்டு வரவழைத்தேன். நோட்டுப் போட்டேன். இடது பக்கம் 'வைக்கலாம்', வலது பக்கம் 'வைக்கக் கூடாது'. செர்ரி, வெனிலா வாசனை ஏற்றினதெல்லாம் வலது பக்கம், அது ஏற்றின வாசனை, இரண்டு வருஷத்தில் இறங்கிவிடும். புகையில் வாட்டின லட்டாக்கியா இலை சேர்ந்தது பத்து வருஷத்துக்குள் திறக்க வேண்டும், அதற்கு மேல் புகை மங்கிப் போகும். வெறும் வர்ஜீனியா இலையை அழுத்தித் தகடாக வெட்டினது எத்தனை வருஷம் கிடந்தாலும் நல்லது, இலையில் இருக்கிற சர்க்கரை உள்ளேயே மெல்ல வேலை செய்து காரம் அடங்கி, நிறம் கறுத்து, திராட்சை வத்தல் வாசனைக்கு வரும். நன்றாகப் பழுத்த தகட்டின் மேல் வெள்ளையாகப் பொடி பூக்கும், அதுதான் அடையாளம், சர்க்கரை பூத்துவிட்டது என்று அர்த்தம். எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு தடவை கூடப் புகைத்ததில்லை. நாற்பத்தொரு டப்பா, டீ அனுப்புகிற பெட்டிக்குள், உள்ளே வெள்ளித்தாள் ஒட்டின அதே ப்ளைவுட் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் திறக்க வேண்டிய வருஷம் எழுதி. கடைசி டப்பாவில் 2041. அப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. இவ்வளவு திட்டம் போட்ட ஆள் உலகத்தில் உண்டா. பைப்பை இழுக்கிற மூக்கு எழுபத்தெட்டு வரைக்கும் இருக்குமா என்று ஒரு மூடியிலும் எழுதி வைக்கவில்லை.

காய்ச்சல் வந்தது, நாலு நாள் படுத்தேன், எழுந்தேன், காபி வெந்நீராக இருந்தது. முதல் வாரம் சளி என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து மூக்கைக் கொண்டுபோய் வைத்தேன், சீரகமும் மிளகும் வெறும் நிறமாகக் கிடந்தன. நீலகிரித் தைலத்தைத் தடவினபோது மூக்குக்குள் ஜிலுஜிலு என்றது, வந்துவிட்டது என்று கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம்தான் தெரிந்தது அது வாசனை இல்லை, வெறும் குளிர்ச்சி, ஐஸ் கட்டியை வைத்தாலும் அப்படித்தான் இருக்கும். அப்போதே லில்லியிடம் சொல்லியிருக்கலாம். என்னமோ வெட்கம். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது, வாத்தியாருக்குக் கண் போனாலும் பாடம் நடத்தலாம், எனக்கு மூக்கு போனால் என்ன மிச்சம். சொல்லவில்லை, ஓட்டினேன். ஊறின இலையின் செம்பு நிறத்தைப் பார்ப்பேன், கோப்பையில் டீ எவ்வளவு பளிச்சென்று நிற்கிறது என்று பார்ப்பேன், நாக்கில் எவ்வளவு துவர்க்கிறது என்று பார்ப்பேன், எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சீட்டைப் பார்ப்பேன், பார்த்துப் பார்த்தே இரண்டு வருஷம் விலை சொன்னேன். ஒரு தடவை கருகல் வாடை அடித்த ஒரு சரக்குக்கு முதல் தர விலை சொல்லிவிட்டேன், வாங்கினவன் சத்தம் போட்டான், நான் சாம்பிள் மாறியிருக்கும் என்றேன், எல்லாரும் சாம்பிள் மாறியிருக்கும் என்று தலையாட்டினார்கள். என்னைச் சந்தேகப்படுவதைவிடத் தங்களைச் சந்தேகப்படுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அந்தச் சுகம் எனக்குப் பழகிப் போயிற்று. வீட்டில் ரசம் எப்படி என்று கேட்பாள், மணக்கிறது என்பேன். முகம் மலர்ந்து போகும். இதில் என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. கேஸ் விஷயம் நடந்த அன்றைக்கு, ஜூலையில், நல்ல மழை, அவள் சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள், நான் டீக்குத் தண்ணீர் வைத்தேன். பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. தீ அணைந்ததைப் பார்த்தேன், அணைத்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன், இவ்வளவுதான் நடந்தது. டீ போட்டு, அடுப்பைத் துடைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, கோப்பையோடு வந்து சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சமையலறைக் கதவுக்கும் எனக்கும் நாலடி. அரை மணி நேரம். அன்றைக்கு வேளை பார்த்து இந்த டப்பாவைத் திறந்து பைப்பைப் பற்ற வைக்கலாம் என்று தோன்றியிருந்தால், நெருப்புப்பெட்டி கைக்கெட்டின தூரத்தில்தான் இருந்தது. லில்லி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்தினாள். ஓடினாள். ஜன்னலைத் திறந்தாள், குமிழைத் திருகினாள். பிறகு வெளியே வந்து என்னைப் பார்த்து, "நாந்தான் கூழு காய்ச்சிட்டு மூடாமப் போயிட்டேனா?" என்றாள். அந்த இடம். அந்த ஒரு இடத்தில் வாயைத் திறந்திருந்தால் போதும். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் உனக்கு வாடை அடிக்கவில்லையா என்பாள், அடிக்கவில்லை என்றால் எப்போதிலிருந்து என்பாள், மூன்று வருஷத்து ரசமும் வெளியே வரும். "நான் இப்பதான் தோட்டத்துலேருந்து வந்தேன்" என்றேன். சட்டை காய்ந்திருந்தது, வெளியே கொட்டுகிற மழை. அதைக்கூட அவள் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு அக்கா, நாசரேத்தில், கிரேஸ். அறுபத்தைந்து வயதில் செருப்பை அரிசி டப்பாவுக்குள் வைக்க ஆரம்பித்து, இப்போது பெற்ற மகனைப் பார்த்து போஸ்ட்மேனா என்று கேட்கிறார். அவருக்கும் அடுப்பில்தான் ஆரம்பித்தது என்பது லில்லிக்குத் தெரியும், எனக்கும் தெரியும், தெரிந்துதான் நான் தோட்டத்திலிருந்து வந்தேன். அன்றையிலிருந்து வீடெல்லாம் சீட்டு. ஃப்ரிஜ் மேல், கதவு மேல், மாத்திரை டப்பா மேல். பால் வாங்கியாச்சு. மோட்டார் நிறுத்தியாச்சு. சாயங்காலம் ஜன்னல் பக்கம் நின்று, டீச்சராக அவள் எண்பத்தேழில் வைத்திருந்த ஐந்தாம் வகுப்பு பி பிரிவின் வருகைப் பதிவேட்டை மனப்பாடமாகச் சொல்லிப் பார்ப்பாள், ஆரோக்கியமேரி, பத்மினி, பெள்ளி, சந்திரன். பதினாறு வரை கடகடவென்று வரும். பதினேழாவது பெயர் வராது. மறுபடி ஒன்றிலிருந்து. நான் அறைக்குள் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கர்த்தாவே, அந்தப் பதினேழாவது பெயரை அவளுக்குக் கொடுத்துவிடும் என்று ஜெபம் பண்ணியிருக்கிறேன். என் ஐந்து சொற்களைக் கொடுத்தாலே போதும், கர்த்தரைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை என்று தெரிந்தும். முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தைய பதினேழாவது பெயர் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும், ஜூலைக்கு முன்னாலும் அவளுக்கு அது வந்திருக்காது, அவள் சொல்லிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். போன வாரம் மகள் போன் பண்ணி, டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன் என்றாள். லில்லி ஒரு காகிதத்தில் டாக்டரிடம் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். முதல் வரி, கேஸ். எழுத்து நடுங்கியிருக்கிறது. அவள் போர்டில் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

ஒன்பது ஐம்பது. ஏன் இந்த டப்பா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன், பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த டப்பாவுக்குள் இருக்கிற காற்று என் மூக்கு நன்றாக இருந்த காலத்துக் காற்று. அது வெளியே வந்து என் மூக்கைத் தொட்டால் ஏதாவது நடக்கும் என்று ஒரு எண்ணம், சின்னப் பிள்ளைகூட இப்படி நினைக்காது. ஓய்வு பெற்ற அன்றைக்குத் திறக்காமல், இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும் என்று லில்லியிடம் சொல்லி உள்ளே வைத்ததற்கும் இதுதான் காரணம். திறக்காத வரைக்கும் நம்பிக்கை இருக்கிறது. வாசனை வந்துவிட்டால் விஷயம் சுருங்கிவிடும், நடுவில் கொஞ்ச நாள் மூக்கு சரியில்லாமல் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது, அந்தச் சமயத்தில்தான் அடுப்பு விஷயம் நடந்தது, நான்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். வராவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். சொல்வேன். நிச்சயம் சொல்வேன். ஒரு ரூபாய்க் காசை மூடி விளிம்பில் கொடுத்துத் திருப்பினேன். உஸ் என்று காற்று இழுக்கிற சத்தம் கேட்க வேண்டும், அடைப்பு நன்றாக இருந்தால் கேட்கும் என்று நோட்டில் நானே எழுதியிருக்கிறேன். கேட்கவில்லை. மூடி லொடுக்கென்று வந்துவிட்டது. அடியில் விரல் பட்ட இடத்தில் துரு, குன்னூர் ஈரத்தில் எந்தத் தகரம்தான் துருப்பிடிக்காது. உள்ளே காகிதத்தை விலக்கினேன். கறுத்த தகடுகள், தகடுகளின் மேல் வெள்ளையாகப் பொடி. பூத்திருக்கிறது, பெல்லியப்பா, சர்க்கரை பூத்திருக்கிறது. முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். ஒரு நாசியை அடைத்துக்கொண்டு மற்றதால் இழுத்தேன். காற்று போனது, வந்தது. இன்னும் ஆழமாக இழுத்தேன், தொண்டையில் ஏதோ தூசி பட்டு இருமல் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. ஒன்றும் இல்லை. நாற்பத்தொரு டப்பாவும் இப்படித்தான். இந்த ஜன்மத்தில் இனி இப்படித்தான் என்று டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அழுகை வருகிறது, அழக்கூட வசதியில்லை, வளையல் சத்தம் கேட்கிறது, அவள் வருகிறாள். சொல்லிவிடு. அன்றைக்கு, கேஸ், அடுப்பை. அவள் நிலைவாசலுக்கு வந்துவிட்டாள், நீலப் புடவை, கையில் பை, முந்தானையை மூக்கருகில் கொண்டுபோகிறாள், கொண்டுபோன கையைச் சட்டென்று கீழே விடுகிறாள். முப்பது வருஷப் பழக்கம், யாராவது எதிரே நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்தால் என் வாய் தானாக விலை சொல்லும்.

"வா, வா, பழுத்தே போச்சு. திராட்ச வத்தல் மாதிரி. கொஞ்சம் அத்திப்பழம். அடியில தேன் மாதிரி ஒண்ணு வருது பாரு."

கிட்டே வந்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து, ஸ்கூலில் பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கைப் பார்க்கிற மாதிரி, மெல்ல முகர்ந்தாள்.

"எனக்கு அப்படித் தெரியலியே."

"எப்படித் தெரியுது?"

"நனஞ்ச சாக்கு. எலி செத்துக் கெடந்தா ஒரு நாத்தம் அடிக்குமே, அது. நான் கூடத்துலயே நெனச்சேன், என்னடா இதுன்னு." என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு அப்படி அடிக்கலியா?"

டப்பாவைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் இப்போது தெரிந்தது. வெள்ளைப் பொடிக்கு மயிர் இருந்தது. ஓரத்தில் பச்சை. துருப்பிடித்த ஓட்டை வழியாக எத்தனை மழைக்காலம் உள்ளே போயிருக்கிறதோ, அடிவரைக்கும் பூஞ்சை. சர்க்கரையாவது பூத்ததாவது. அவள் மூக்கு சரி. அவள் மூளை சரி, கை சரி, ஞாபகம் சரி, இந்த வீட்டில் அவளிடம் எல்லாமே சரியாக இருக்கிறது. இதைச் சொல்ல ஐந்து சொல்கூட வேண்டாம், ஆமாம் அடிக்கிறது என்றாலே அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்துவிடும். ஆனால் ஆமாம் என்றால் திராட்சை வத்தல் எங்கிருந்து வந்தது என்பாள். அவள் கண்ணை எடுக்காமல் நின்றாள், கெஞ்சுகிற மாதிரி.

"இல்லையே," என்றேன்.

அவள் பையைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். மேஜையில் கிடந்த என் பேனாவை எடுத்து, நின்றபடியே குனிந்து, கடைசி வரிக்குக் கீழே எழுதினாள். "வாசனையும் மாறிப் போச்சு," என்று எழுதுவதை வாயாலும் சொல்லிக்கொண்டாள், "கிரேஸ் அக்காவுக்குக்கூட இது வரல." காகிதத்தை நாலாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். தீர்மானமாகிவிட்டது போலிருந்தது.

நேரத்துக்கு முன்னாலேயே வெளியே கார் ஹாரன் அடித்தது. நான் எழுந்தேன், காரில் சொல்லிக்கொள்ளலாம், டிரைவர் இருப்பான், இறங்கின பிறகு சொல்லிக்கொள்ளலாம், டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம், அவர் பக்குவமாக எடுத்துச் சொல்வார். லில்லி சமையலறைப் பக்கம் இரண்டடி வைத்தாள், நின்றாள், திரும்பினாள்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

"என்னத்த?"

"அடுப்பத்தான். இனிமே நான் பாத்து என்ன பிரயோஜனம். கேஸ் வாட ஏதும் வருதான்னு நல்லா மோந்து பாருங்க. உங்க மூக்கு ஒண்ணுதான் இந்த வீட்டுல சரியா இருக்கு."

போனேன். இரண்டு குமிழையும் கையால் தொட்டுப் பார்த்தேன், சிலிண்டர் பக்கம் குனிந்து ட்யூபைத் தடவிப் பார்த்தேன். அவள் கதவோரம் காத்திருந்தாள். அவளுக்குக் கேட்கும்படி மூச்சை இரண்டு தரம் பலமாக உள்ளே இழுத்தேன்.

"ஒரு வாடையும் இல்ல," என்றேன். "வா, போவோம்."